வாசகர் கேள்வி: நண்பனுக்கு நான் என்ன செய்வது?

கேள்வி: சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருந்த என் நண்பன் காலமாகி வருகிற மாசியோடு ஒரு வருஷம். மகன் வீட்டில் திதி கொடுத்துவிடுவார். கூட்டாளிகள் ஃப்ளெக்ஸ் வைக்கலாம் என்கிறார்கள். அவனோ போட்டோவுக்கே நிற்கமாட்டான். நண்பன் என்கிற முறையில் நான் என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், சேலம்.

பதில்: ஃப்ளெக்ஸ் வேண்டாம். போட்டோவுக்கே நிற்காதவரை நாலு ரோட்டில் நிறுத்தினால் மேலே இருந்தே திட்டுவார். கீழே வைத்தவர்கள் படம் வரிசையாக வரும், அது இன்னும் கொடுமை.

முதலில் திதி என்றைக்கு என்று மகனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ் மாதமும் பிறையும் பார்த்துக் கொடுப்பது அது. நீங்கள் காலண்டரில் குறித்திருக்கும் தேதிக்கு முன்னே பின்னே போகும். தேதியை நம்பிப் போனால் எல்லாம் முடிந்திருக்கும்.

சடங்கிலும் நண்பருக்கு இடமுண்டு. புரட்டாசி மகாளய பட்சத்தில் தர்ப்பணம் செய்கிறவர்கள், காருண்ய பித்ருக்கள் என்று ஆசிரியரையும் சிநேகிதரையும் சேர்த்துக்கொள்வார்கள். உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டென்றால் செய்யுங்கள்.

ஆனால் திவசத்தன்று அந்த வீட்டில் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசுங்கள் என்பதுதான் நான் சொல்வது. 'நல்லவர், வல்லவர்' வேண்டவே வேண்டாம். அதியமான் இறந்தபோது ஔவை பாடியது புறநானூற்றில் 235-ஆம் பாட்டு. (அவன் ஆண்ட தகடூரும், அதாவது இன்றைய தருமபுரியும், நம் பழைய சேலம் ஜில்லாதான். தனியாகப் போனது 1965-ல்.) எடுத்த எடுப்பில் அவள் போரைச் சொல்லவில்லை. கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எனக்கே கொடுத்துவிடுவான் என்று ஆரம்பிக்கிறாள். புலால் நாறும் என் தலையை, நரந்தம் மணக்கும் கையால் தடவுவான் என்கிறாள். கூடவே இருந்தவளுக்குத்தான் அது தெரியும்.

என் கூட்டாளி ஒருவர் ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். மலை ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு. யாருக்கு வாந்தி வரும் என்று அடிவாரத்திலேயே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அவர்களை ஜன்னலோரம் மாற்றி உட்காரவைத்து, டிக்கெட்டோடு ஒரு எலுமிச்சம்பழத்தையும் கையில் கொடுத்து, "மோந்துக்கிட்டே வாங்க, வெளிய பாக்காதீங்க" என்பார். அவர் போன பிறகு ஒருநாள் இதை அவர் வீட்டில் சொன்னேன். அந்த அம்மா அப்படியே என்னைப் பார்த்தார். "வாங்கி வெக்கிற பழமெல்லாம் எங்க போவுதுன்னு நான் பசங்களத் திட்டுவேனுங்க!" என்று சொல்லிச் சிரித்தார், பிறகு அழுதார். வீட்டுக்குத் தெரியாத மனிதர் ஒருவர் உங்களிடமும் இருப்பார். அவரைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பட்டறையில் யாரை எப்படி வைவார், கூலி பாக்கியை எப்படிக் கேட்பார், எல்லாம் சொல்லலாம். கடன் விவகாரம் மட்டும் அன்றைக்கு எடுக்காதீர்கள்.

ஃப்ளெக்ஸுக்கு வசூலான பணத்தில் பட்டறை ஆட்களுக்குத் தட்டுவடை செட் வாங்கிக் கொடுங்கள். அதில் வெங்காயம் உண்டு, அதனால் படையல் எல்லாம் முடிந்து சாயங்காலமாக.