சின்னப் பாய்மரப் படகில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் போவது ஆபத்தா?

ஆபத்து உண்டு. ஆனால் நீங்கள் பயப்படுகிற இடத்தில் இல்லை. புயல் வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். புயல் வருமென்றால் வானிலை அறிக்கை முன்கூட்டியே சொல்லிவிடும், கிளம்பாமல் இருந்துவிடலாம். கோடையில் நண்பரின் 28 அடிப் படகில் கூடமாட வேலை செய்யப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கரையில் காற்றைவிட நீரோட்டத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

எங்கள் படகு எஞ்சினில் 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கி.மீ.) போகும், நல்ல காற்று கிடைத்தால் 6. ஜூரா, ஸ்கார்பா தீவுகளுக்கு நடுவே கோரிவ்ரெக்கன் என்றொரு நீரிணை. அங்கே ஓட்டம் 8 நாட்டைத் தாண்டும். எதிர்த்துப் போவது என்ற பேச்சே கிடையாது. அடியிலிருந்து ஒரு பாறை, மேற்பரப்புக்குச் சுமார் 30 மீட்டர் கீழே வரை எழும்பி நிற்கிறது. ஓட்டம் அதில் மோதித்தான் சுழல் கிளம்புகிறது. கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் மேற்கே பாயும். அட்லாண்டிக் அலை எதிரே வந்தால் இரண்டும் முட்டிச் சுவர் மாதிரி எழும்பும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் மோசம். 1947-இல் ஜூராவில் தங்கியிருந்த ஜார்ஜ் ஆர்வெல், ஓத (கடல் ஏற்ற இறக்க) நேரத்தைத் தப்பாகக் கணித்து, மகனோடும் அக்கா பிள்ளைகளோடும் இங்கே மாட்டிக்கொண்டார். மோட்டார் பிய்த்துக்கொண்டு கடலில் போய்விட்டது. ஒரு பாறையில் ஏறிக் கிடந்தவர்களை மீனவர்கள்தான் மீட்டார்கள். எழுத்தாளருக்கே இந்தக் கதி!

அதனால் பாதி வேலை மேசையில்தான். நீரோட்ட வரைபடப் புத்தகத்தில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு பக்கம், இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தின் உச்ச ஏற்றத்தை வைத்துக் கணக்கு. நண்பர் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அன்றைய நேரத்தைப் பென்சிலால் எழுதிவிடுவார். அட்டவணை கிரீன்விச் நேரத்தில் இருந்தால், கோடையில் ஒரு மணி கூட்ட வேண்டும். "கூட்டியாச்சா?" என்று கேட்காமல் கயிற்றை அவிழ்க்க மாட்டோம். கிரினன் துறைமுகத்திலிருந்து சரியான நேரத்தில் புறப்பட்டால் லூயிங் நீரிணை வழியாக அதே ஓட்டம் நம்மை வடக்கே தூக்கிக்கொண்டு போய்விடும். இடப்பக்கம் கோரிவ்ரெக்கனின் வாய் இழுக்கும் என்பதால் வலப்பக்கமே ஒதுங்கிப் போவோம்.

அப்புறம் நங்கூரம். கெல்ப் என்ற பெரிய கடற்பாசிமேல் விழுந்தால் பிடித்த மாதிரி நடிக்கும், ராத்திரி காற்று திரும்பினால் வழுக்கிவிடும். போட்டதும் எஞ்சினை ரிவர்ஸில் வைத்து இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

அனுபவம் இல்லாமல் படகை வாடகைக்கு எடுக்காதீர்கள். பிரிட்டனின் படகோட்ட அமைப்பான ராயல் யாட்டிங் அசோசியேஷனின் 5 நாள் 'காம்பிடென்ட் க்ரூ' (தேர்ந்த படகுப் பணியாளர்) பயிற்சியில் படகிலேயே தங்கிக் கற்றுக்கொள்ளலாம். மே கடைசி, ஜூன் தொடக்கம் நல்லது: இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், மிட்ஜ் கொசுக்களும் ஜூலை அளவுக்குப் பிடுங்காது.