பழைய போர்ஷே 911-இன் வீல் நட்டுகள் வெளுத்துவிட்டன, மாற்ற வேண்டுமா?

மதுரையில் இருக்கும் உங்கள் காரின் அலுமினிய நட்டுகளில் கறுப்பு மட்டும் போயிருந்தால், மறுபடி அனோடைஸ் செய்தால் (மின்சாரம் பாய்ச்சி மேல்படலம் உண்டாக்கிக் கறுப்பு ஏற்றினால்) போதும். ஆனால் முதலில் நட்டைக் கவிழ்த்து, சக்கரத்தில் உட்காரும் உருண்டை விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினாலோ, மரை தேய்ந்திருந்தாலோ, சாக்கெட் பிடிக்கும் வெளிமுனைகள் மழுங்கியிருந்தாலோ தூக்கிப் போடுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம்.

என் நட்டுகளைக் கறுப்பாக்க மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்தேன். உள்மரை வரை பெயிண்ட் அடித்துவிட்டார்கள்! வெயிலில் உட்கார்ந்து சுரண்டியது நான்தான். விளிம்பில் பெயிண்ட் இருந்தால் நட்டு இறுகியது போலவே இருக்கும், அப்புறம் தளரும்.

மாட்டும்போது பிளாஸ்டிக் உறை போட்ட 19 மி.மீ. சாக்கெட், இறுக்கும் முறுக்கு விசை 130 நியூட்டன் மீட்டர். பஞ்சர் கடையில் இம்பாக்ட் கன்னை (நட்டைத் தட்டித் தட்டி முடுக்கும் மெஷினை) எடுத்தால், 'அண்ணே, கையாலேயே போடுங்க' என்று சொல்லிவிடுங்கள்.