பிளேக் கொடுத்த கூலியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரோப்பாவின் கறுப்புச் சாவு (14-ஆம் நூற்றாண்டுப் பிளேக்) பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். சாவை மட்டுமே சொல்லியிருக்கிறீர்கள். அத்தனை பேர் செத்ததால்தான் மிஞ்சிய ஏழைகளுக்குக் கூலி கூடியது, பண்ணையடிமை முறை ஒழிந்தது என்று ஒரு காணொளியில் கேட்டேன். அப்படிப் பார்த்தால், நீண்டகால நோக்கில் அந்த நோய் ஐரோப்பாவுக்கு நல்லதைத்தானே செய்திருக்கிறது?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

கூலி கூடியது உண்மை. ஆனால் 'பிளேக் நல்லது செய்தது' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிச் சொல்லும்போது கூலிக்காக மல்லுக்கட்டிய மனிதர்கள் கணக்கிலேயே வராமல் போகிறார்கள்.

1347 அக்டோபரில் ஜெனோவாக்காரர்களின் கப்பல்களோடு சிசிலியின் மெசினா துறைமுகத்துக்கு வந்த நோய், அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் ஐரோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்கையாவது கொண்டுபோனது. பாதிப்பேர் போனார்கள் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும், காய்ச்சல் கொளுத்தும், பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் கதை முடிந்துவிடும். இத்தாலியின் சியெனா நகரத்து அஞ்ஞோலோ தி தூரா, தன் ஐந்து பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்ததாக எழுதிவைத்திருக்கிறார். அவருக்கு முன்னால் நின்று 'நீண்டகால நோக்கு' என்று நம்மால் சொல்ல முடியுமா?

சரி, கூலிக்கு வருவோம். இங்கிலாந்தில் வயலில் இறங்க ஆளில்லை, இருந்தவர்கள் கூடுதலாகக் கேட்டார்கள். உடனே அரசு என்ன செய்தது தெரியுமா? பிளேக் இன்னும் ஓயாத 1349-லேயே ஓர் ஆணை போட்டது: உடம்பில் தெம்புள்ள, அறுபது வயதுக்குட்பட்ட, வேறு பிழைப்பில்லாத ஆணும் பெண்ணும் கூப்பிட்டவரிடம் வேலைக்குப் போக வேண்டும், நோய்க்கு முந்தைய கூலிதான் வாங்க வேண்டும். 1351-இல் அதைச் சட்டமாகவே ஆக்கி இன்னும் இறுக்கினார்கள். புல் அறுக்க ஏக்கருக்கு 5 பென்னி என்று வேலைவாரியாகக் கூலி எழுதினார்கள். வேலை தேடுகிறவர் தன் கருவியை எல்லோருக்கும் தெரியும்படி கையில் பிடித்துக்கொண்டு சந்தை ஊரின் பொது இடத்தில் வந்து நிற்க வேண்டும், மறைவாகப் பேரம் பேசக்கூடாது என்றுகூட அதில் இருக்கிறது. மீறுகிறவர்களின் காலை மாட்டிவைக்க ஊர்தோறும் தொழுமரம் அடித்து வைக்கச் சொன்னார்கள். எசெக்ஸ் வட்டாரத்தில் 1352-இல் மட்டும் ஆயிரக்கணக்கானவர்கள் அபராதம் கட்டினார்கள், அதில் பெண்களும் நிறைய. அப்படியும் ஜனங்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்துப் பண்ணைக்குப் போனார்கள், அந்தப் பண்ணைக்காரரும் ஆள் கிடைத்தால் போதுமென்று சட்டத்தைப் பார்க்காமல் கூடுதலாகக் கொடுத்தார். 1381-இல் தலைக்கு இவ்வளவு என்று போட்ட தலைவரியும் சேர்ந்து அழுத்தியபோது வாட் டைலர் தலைமையில் லண்டனுக்கே கிளம்பிப் போனார்கள். போகிற வழியில், யார் யாருக்கு அடிமை என்று எழுதியிருந்த பண்ணைப் பதிவேடுகளைத் தேடித்தேடிக் கொளுத்தினார்கள். டைலரைக் கொன்றார்கள், கிளர்ச்சியையும் நசுக்கினார்கள், ஆனால் அடுத்த நூறாண்டுகளில் அங்கே பண்ணையடிமை முறை மெல்ல உதிர்ந்துபோனது.

இதையெல்லாம் பிளேக்கின் கணக்கில் வரவு வைப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது. அதே நோய் எகிப்திலும் அதே அளவுக்குக் கொன்றது. அங்கே நிலம், அப்போது நாட்டை ஆண்ட மம்லுக் படைத்தலைவர்கள் கையில் இருந்தது. ஆள் குறைந்ததும் நைல் பாசனத்தின் கரைகளையும் கால்வாய்களையும் பராமரிக்க முடியாமல் விளைச்சலே விழுந்தது, உழவனுக்கு விடிவு வரவில்லை. கிழக்கு ஐரோப்பாவில் பிற்பாடு பண்ணையடிமை முறை இன்னும் இறுகியது.

அப்புறம், 'ஐரோப்பாவுக்கு' என்கிறீர்களே, யூதர்களும் அந்த ஐரோப்பாதான். கிணற்றில் விஷம் கலந்து நோயைப் பரப்பியதே அவர்கள்தான் என்று சித்திரவதை செய்து 'ஒப்புதல்' வாங்கினார்கள். யூதர்களும் இந்த நோயில் சாகிறார்களே என்று போப் ஆறாம் கிளமென்ட் 1348-இல் எடுத்துச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. 1349 பிப்ரவரி 14 அன்று, இன்றைய பிரான்சில் இருக்கும் ஸ்ட்ராஸ்பூர்க்கில் நூற்றுக்கணக்கான யூதர்களை அவர்களுடைய இடுகாட்டிலேயே எரித்தார்கள். அவர்களிடம் வாங்கிய கடன்கள் ரத்தாயின, அடகுச் சொத்துகள் திரும்பின, கிடைத்த ரொக்கத்தை ஊரார் பங்கு போட்டுக்கொண்டார்கள். அன்றைக்கு அந்த ஊருக்குள் பிளேக் இன்னும் வந்திருக்கவே இல்லை.