சுவிட்ச் மாற்றினால் கடைக் கணினிகள் வேகமாகுமா?

கேள்வி கேட்டவர் தம் கடையில் 11 கணினிகள் இருப்பதாகவும், மாலை நெருங்கினால் டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரு பில் போட்டு முடிப்பதற்குள் வாடிக்கையாளர் முகம் சுளிப்பதாகவும் எழுதி, கணினிகளைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியான ஈதர்நெட் சுவிட்சை மாற்றினால் வேகம் கூடுமா, இணைய இணைப்பைப் பெரிதாக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். ஊர் எதுவென்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கடை எப்படி இருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. முதலில் 3 கணினிகள் வந்திருக்கும். வியாபாரம் வளர வளர ஒவ்வொன்றாகச் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ஒரு குட்டிப் பெட்டியை வாங்கி வந்து, கைக்கு எட்டிய இன்னொரு பெட்டியோடு கோத்துவிட்டுப் போயிருப்பார். அப்படி எத்தனை பெட்டிகள் உள்ளன, எங்கெங்கே உள்ளன என்பது இன்று கடையில் எவருக்கும் தெரியாது.

நான் நெட்வொர்க் பொறியாளன் அல்லன். திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் பல ஆண்டுகள் கணக்குப் பார்த்தவன். இந்தத் துறையில் சான்றிதழ் பெற்றவர்கள் என் சொற்களில் பிழை கண்டால் திருத்தலாம். ஆனால் கீழே உள்ளவை என் கண் முன்னே நடந்தவை.

எங்கள் கடையில் அப்போது 14 கணினிகள் இருந்தன. டாலியின் தரவுக் கோப்புறை முதலாளி அறையில் எல்லோருக்கும் பொதுவான கணினியாக இருந்த சர்வரில் இருந்தது. மற்ற 13 கணினிகளும் உள்வலை வழியாக அதைத் திறந்து வேலை செய்தன. காலையில் எல்லாம் சரியாக ஓடும். ஆலங்குளம், முக்கூடல், அம்பாசமுத்திரம் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் சரக்கெடுக்க வந்து கூடும் பிற்பகலில், ஒரு வரியைப் பதிவு செய்துவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் அழைப்போம். அவர் கல்லாவில் இருந்தபடியே, "என்னவே, ஒரு பில்லு போட இம்புட்டு நேரமா? வண்டிக்காரன் ரோட்டுல நிக்கான்" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் கணினிக்குக் கேட்காது, எனக்குத்தான் கேட்கும்.

கணினிகளைப் பராமரிக்க ஒப்பந்தம் எடுத்திருந்தவர் முதலில் இணைய இணைப்பை உயர்த்தச் சொன்னார். உயர்த்தினோம், ஒன்றும் மாறவில்லை. மாறவும் முடியாது. பில் போடும் கணினியிலிருந்து சர்வருக்குப் போகும் தரவு கடையின் சுவர்களைத் தாண்டி வெளியே போவதே இல்லை. வாசலுக்கு வெளியே உள்ள சாலையை அகலப்படுத்தினால், அடுக்களையிலிருந்து பந்திக்கு இலை வேகமாக வந்துவிடுமா? அடுத்து அவர் சர்வரை மாற்றச் சொன்னார். 70,000 ரூபாய் செலவாயிற்று. இரண்டு நாள்கள் வேகம் கூடியதுபோல் தோன்றியது. மூன்றாம் நாள் பழைய கதைதான். நான் நடுவில், "வயரையும் ஒரு தடவை பார்க்கலாமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "கணக்குப்பிள்ளை கணக்கைப் பாரும்வே, அதெல்லாம் அவரு பார்ப்பாரு" என்று பதில் வந்தது. அந்தச் சொல் இன்றும் எனக்குள் உறுத்துகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. இந்தப் பதில் இவ்வளவு நீளமாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

விடை கிடைத்தது 2012இல், ஐப்பசி மழையின் புண்ணியத்தால். பரணில் ஒழுக்கு விழுந்ததால், அங்கே கட்டி வைத்திருந்த பழைய பேரேடுகளை இறக்க நான் ஏணியில் ஏறினேன். பேரேட்டுக் கட்டுகளுக்குப் பின்னால், ஒட்டடைக்குள், ஒரு சாம்பல் நிறப் பெட்டி உயிரோடு இருந்தது. கடைக்கு முதன்முதலில் கணினி வந்தபோது வாங்கிய 8 போர்ட் (கேபிள் செருகும் துளை) கொண்ட ஹப் அது. அதன் நெற்றியில் 10 மெகாபிட் என்று அச்சிட்டிருந்தது; ஒரு நொடிக்கு அவ்வளவு தரவைத்தான் அது கடத்தும். பில் போடும் மேசைகளில் இருந்த குட்டிச் சுவிட்சுகளின் கேபிள்கள் யாவும் சுவரின் துளை வழியாக ஏறி இதில் வந்து சேர்ந்தன. சர்வருக்குப் போகும் கேபிளும் இதிலிருந்தே புறப்பட்டது. புதிய சர்வரும் நூறு மெகாபிட் சுவிட்சுகளும் ஒன்றோடொன்று பேசுவதற்கு இருந்த ஒரே வாசல் இந்தப் பழைய ஹப்தான். அதன் ஓரத்தில் 'சி ஓ எல்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு மேலே ஓர் ஆரஞ்சு விளக்கு இடைவிடாமல் துடித்துக்கொண்டிருந்தது. கீழே நின்ற அண்ணாச்சி, "லைட்டு நல்லா மினுங்குதே, வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?" என்றார். அந்த எழுத்துகள் மோதலைக் குறிப்பவை என்பதை அன்றிரவு தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த மோதல் என்ன என்பதைச் சொல்லாமல், சுவிட்சின் பயனைச் சொல்ல முடியாது. 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கத் தொடங்கிய ஈதர்நெட்டில், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக ஒரே ஒரு கேபிள்தான். ஹப் என்பது அந்தப் பொதுக் கேபிளைச் சுருக்கிப் பெட்டிக்குள் வைத்தது போன்றது; ஒரு போர்ட்டில் வரும் மின்குறியை மற்ற எல்லாப் போர்ட்டுகளிலும் அப்படியே திருப்பிச் சொல்லும். ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதி முழுக்கக் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில், "பேட்டையிலிருந்து வந்தவர், உங்கள் பிள்ளை இங்கே அழுதுகொண்டிருக்கிறது" என்று அறிவித்தால், செய்தி ஒருவருக்குத்தான் என்றாலும் கேட்க வேண்டியவர்கள் வீதியில் உள்ள அத்தனை பேரும். அந்நேரம் இன்னொருவர் வேறொரு மைக்கில் பேசினால் இரண்டுமே விளங்காது. ஹப்பில் இரண்டு கணினிகள் ஒரே கணத்தில் பேசினால், இரண்டும் வாயை மூடிக்கொண்டு, ஆளுக்கொரு சிறு நேரம் தற்செயலாகத் தேர்ந்து காத்திருந்து, மறுபடி முயலும். தொடர்ந்து 16 முயற்சிகளும் மோதலில் முடிந்தால் அந்தத் தரவுச் சட்டத்தை, அதாவது ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தை, கைவிட்டுவிடும். காலையில் பேசுவோர் குறைவு; பிற்பகலில் எல்லோரும் பேசுவார்கள். எங்கள் நோய் பொழுது பார்த்து வந்ததன் காரணம் இதுதான்.

சுவிட்ச் வேறு வகையில் நடந்துகொள்கிறது. ஒவ்வொரு தரவுச் சட்டத்திலும் அனுப்பும் கணினியின் மேக் முகவரி, அதாவது அதன் நெட்வொர்க் அட்டைக்கே உரிய எண், இருக்கும். அது எந்தப் போர்ட்டில் நுழைந்தது என்பதைச் சுவிட்ச் தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். அடுத்து அந்த முகவரிக்கு ஏதேனும் வந்தால் அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். அட்டவணையில் இல்லாத முகவரியாகவோ எல்லோருக்குமான செய்தியாகவோ இருந்தால்தான் மற்ற எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்பும். ஆகவே 2ஆம் போர்ட்டும் 5ஆம் போர்ட்டும் பேசிக்கொண்டிருக்கும்போதே 3ஆம் போர்ட்டும் 7ஆம் போர்ட்டும் தம்முள் முழு வேகத்தில் பேசலாம். இன்னொன்று, ஹப்பில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடக்காது. செங்கோட்டைக்குப் போகும் வண்டி கிராசிங்குக்காக அம்பாசமுத்திரத்தில் நிற்பது போல, ஒன்று போன பிறகே மற்றது வரும். சுவிட்சில் அது இரட்டைத் தண்டவாளம். மோதல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரு சிறு பெருமையையும் சொல்லிவிடுகிறேன். 1990இல் முதல் ஈதர்நெட் சுவிட்சைச் சந்தைக்குக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் கல்பனா. அதை நிறுவியவர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தம் மனைவியின் பெயரை வைத்தார். 1994இல் நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் அதை வாங்கிவிட்டது. இதை நான் அண்ணாச்சியிடம் சொன்னபோது, அவரும் தம் மனைவியின் பெயரில் கடை வைத்தவர் என்பதால் மிகவும் ரசித்தார்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஹப்பைக் கழற்றினோம். 24 போர்ட் சுவிட்ச் ஒன்றை முதலாளி அறையில் வைத்து, எல்லாக் கணினிகளிலிருந்தும் நேரடியாக அதற்குக் கேபிள் இழுத்தோம். சாதாரணப் போர்ட்டுகள் நூறு மெகாபிட். இரண்டு மட்டும் கிகாபிட், அதாவது ஆயிரம் மெகாபிட். அந்த இரண்டில் ஒன்றைச் சர்வருக்குக் கொடுத்தோம். இதை அழுத்திச் சொல்கிறேன்: 13 பேர் ஒருவரையே தேடி வரும்போது, அந்த ஒருவரின் வாசல் மற்றவர்களின் வாசலைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். எல்லாப் போர்ட்டும் நூறாக இருந்திருந்தால் மோதல் நின்றிருக்கும், சர்வர் வாசலில் வரிசை தீர்ந்திருக்காது. 180 எம்.பி. அளவுள்ள காப்புப் பிரதியை வேலை நேரத்தில் சர்வருக்கு அனுப்ப முன்பு 6 நிமிடத்துக்கு மேல் ஆகும்; பிறகு 20 நொடியில் முடிந்தது. சுவிட்சின் விலை சர்வருக்குச் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் வேலை ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. இரண்டு கணினிகள் அப்போதும் முரண்டு பிடித்தன. பார்த்தால், முன்பு வயரிங் செய்தவர் கேபிளை மிச்சப்படுத்துவதற்காக, ஒரே கேபிளுக்குள் இருந்த 8 கம்பிகளை நான்கு நான்காகப் பிரித்து இரண்டு கணினிகளுக்குக் கொடுத்திருந்தார். நூறு மெகாபிட்டுக்கு 4 கம்பிகள் போதும் என்பதால் அது ஒருவாறு ஓடியது. கிகாபிட்டுக்கு 8 கம்பிகளும் வேண்டும். நீங்கள் கிகாபிட் சுவிட்ச் வாங்கியும் கணினி நூறிலேயே நின்றால், சுவிட்சைத் திட்டுவதற்கு முன் கேபிளின் இரு முனைகளையும் பிரித்துப் பாருங்கள். விலை மலிவாக வரும் அலுமினியக் கேபிள்களுக்குச் செம்பு பூசியிருப்பார்கள். முனையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அவற்றை வாங்க வேண்டாம். எலெக்ட்ரீஷியன்கள் சிலர் ஒரே குழாய்க்குள் மின்கம்பியையும் நெட்வொர்க் கேபிளையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "எல்லாம் வயருதான் சார்" என்கிறார்கள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் என் இரத்த அழுத்தம் கூடும்.

ஒரு நாள், தரையைப் பெருக்கிய பையன் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கேபிள் முனையைக் கண்டு, நல்லெண்ணத்தோடு அதைச் சுவிட்சில் காலியாக இருந்த போர்ட்டில் செருகிவிட்டான். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது. அடுத்த கணம் கடை முழுவதும் நின்றுவிட்டது. எல்லோருக்குமாக அனுப்பப்படும் தரவுச் சட்டம் அந்த வளையத்துக்குள் சிக்கிச் சுற்றிச் சுற்றிப் பெருகும். ஈதர்நெட் தரவுச் சட்டத்துக்கு ஆயுள் வரம்பு கிடையாது. இதைத் தடுக்கும் 'ஸ்பேனிங் ட்ரீ' என்ற முறையை ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985இலேயே வகுத்துவிட்டார். விலை குறைந்த சாதாரணச் சுவிட்சுகள் பலவற்றில் அது இல்லை, எங்களுடையதிலும் இல்லை. சுவிட்ச் வாங்கும்போது இதையும் கேட்டு வாங்குங்கள்.

பின் தெருவில் இருந்த கிட்டங்கிக்கு மொட்டை மாடி வழியாகக் கேபிள் போயிற்று. நீளம் 80 மீட்டர். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர் வரை அனுமதி உண்டு என்பதால் கவலையில்லை என்று நினைத்தோம். அடுத்த ஐப்பசியில் ஓர் இடிக்கு 3 போர்ட்டுகள் கருகின. அதன் பிறகு அங்கே ஃபைபர் என்னும் கண்ணாடி இழைக் கேபிள் போட்டோம். "கண்ணாடியில கரண்டு பாயாதோ?" என்று அண்ணாச்சி இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் இணைப்பு உங்களிடமும் இருந்தால், நம் பக்கத்து இடிமழையை மனத்தில் வையுங்கள்.

"இந்தக் காலத்தில் ஹப் எங்கே இருக்கிறது, இது பழங்கதை" என்று ஒருவர் கருத்துப் பெட்டியில் எழுதுவார் என்று எனக்குத் தெரியும். கடைகளில் ஹப் இல்லாமல் போயிருக்கலாம், வைஃபை இருக்கிறது. ஒரே வைஃபை பெட்டியின் கீழ் உள்ள கணினிகள் பெரும்பாலும் ஒரே அலைவரிசையைப் பங்கிட்டு, ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருந்துதான் பேசுகின்றன. 11 கணினிகளில் பில் போடுபவை வைஃபையில் இருந்தால் அவற்றை முதலில் கேபிளுக்கு மாற்றுங்கள். டாலியை ரிமோட் டெஸ்க்டாப் முறையில், அதாவது சர்வரிலேயே ஓடவிட்டு மேசையிலிருந்து இயக்கினால், திரை மட்டுமே பயணிக்கும், வலைச்சுமை மிகவும் குறையும் என்று இன்னொருவர் சொல்வார். அது உண்மை, அதற்கான உரிமச் செலவையும் அவரே சொல்லட்டும்.

கண்காணிப்புக் கேமராக்களையும் கவனியுங்கள். ஒரு கேமரா உத்தேசமாக 4 மெகாபிட் என்று வைத்தாலும், 16 கேமராக்கள் இரவும் பகலும் 64 மெகாபிட்டை ஓட்டிக்கொண்டே இருக்கும். கேமராக்களும் அவற்றின் பதிவுப் பெட்டியும் தனியாக ஒரே சுவிட்சில் இருந்தால் அந்தப் போக்குவரத்து அதற்குள்ளேயே அடங்கிவிடும். பில் போடும் பாதைக்கு வராது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: சர்வரிலிருந்து ஒவ்வொரு கேபிளாகக் கையால் பிடித்துக்கொண்டே போய், வழியில் வரும் பெட்டிகளை ஒரு தாளில் வரையுங்கள். பரண், போலி மேற்கூரை, கல்லாவுக்கு அடி எதையும் விடாதீர்கள். ஒவ்வொரு கணினியிலும் நெட்வொர்க் இணைப்பின் நிலையைத் திறந்து, வேகம் 10 என்று காட்டுகிறதா, 100 என்றா, 1 கிகாபிட் என்றா என்று பக்கத்தில் குறியுங்கள். பிற்பகல் நெரிசலில் ஒரு பெரிய கோப்பைச் சர்வருக்கு நகலெடுத்து, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதுங்கள். கடை அடைத்த பிறகு அதே கோப்பை மீண்டும் நகலெடுங்கள். இரண்டு நேரத்துக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வலையைத்தான். சுவிட்சுக்குப் பணம் செலவழிக்கலாம். இரண்டும் ஒன்றாகவே மெதுவாக இருந்தால் சர்வரின் ஹார்டு டிஸ்க்கையும் சரிபாருங்கள், அதுவரை எதையும் வாங்காதீர்கள். அந்தத் தாளைப் படம் எடுத்து இங்கே போட்டால், எந்தப் பெட்டியை முதலில் கழற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.