மெஷ்ஷைப் பாதியாக்கியும் தரையருகே காற்றின் வேகம் ஏன் சரியாக வருவதில்லை?

கேள்வி: சமவெளியின் மேல் வீசும் காற்றைக் கே-எப்சிலான் மாடலில் (கொந்தளிப்பு ஆற்றலுக்கும் அது சிதையும் வீதமான எப்சிலானுக்கும் தலா ஒரு சமன்பாடு வைக்கும் மாடல்) கணக்கிடுகிறேன். மெஷ்ஷை (வெளியைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலையை) இருமுறை பாதியாக்கியும், தரையை ஒட்டிய முதல் இரண்டு செல்களில் வேகம் மடக்கைக் கோட்டை விட்டு விலகியே நிற்கிறது. ஸ்கீமின் ஆர்டரை, அதாவது கணக்கு முறையின் துல்லியப் படியைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்:

ஆர்டரைக் கூட்டுவதால் மட்டும் சரியாகாது. காரணத்தைக் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். தரையருகே வேகம் உயரத்தின் மடக்கையாக ஏறுகிறது. அதன் சரிவு உயரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். செல்லின் உயரம் 1 என்றால் முதல் இரு மையங்கள் 0.5, 1.5 உயரத்தில் வரும். இரண்டுக்கும் நடுவே மைய வித்தியாச முறை தரும் சரிவு, 3-இன் இயல் மடக்கை, அதாவது 1.099. உண்மையில் அது 1 இருக்க வேண்டும். கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடுதல். கொந்தளிப்பு ஆற்றலின் உற்பத்தி சரிவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அங்கே பிழை 21 சதவீதம் ஆகிவிடும். செல்லை எவ்வளவு சிறிதாக்கினாலும், அது தரையின் கரடு நீளத்தைவிட (தரையின் சொரசொரப்பைக் குறிக்கும் அளவு; மடக்கைக் கோட்டில் வேகம் சுழியாகும் உயரம்) பெரிதாக இருக்கும் வரை, இதே 1.099 தான். பிழை குறைவதில்லை, தரையை நோக்கிக் கீழே இறங்குகிறது. அடுத்த முகத்தில் (இரண்டாம், மூன்றாம் செல்களுக்கு நடுவே) அது 2 சதவீதம்தான். எனவே முதல் செல்லில் உற்பத்தியை வித்தியாசத்தால் எடுக்காமல் மடக்கை விதியிலிருந்தே நேராக எடுங்கள்.

ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது நுழைவாய், தரை, மாடல் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததை. கட்டடம் எதுவும் இல்லாத காலி டொமைனை (கணக்கிடும் வெளியை) ஓட்டிப் பாருங்கள். கரடு நீளம் 0.03 மீ., 10 மீ. உயரத்தில் வேகம் வினாடிக்கு 5 மீ. என்று வைத்தால் உராய்வு வேகம் (தரை காற்றை இழுக்கும் அளவை ஒரு வேகமாகச் சொல்வது) 0.344. கொந்தளிப்பு ஆற்றல் அதன் வர்க்கத்தை 0.3-ஆல் வகுத்தது, அதாவது 0.395. 2 மீ. உயரத்தில் வேகம் 3.61 வரவேண்டும். இந்த மூன்றும் நுழைவாயில் இருந்தபடியே வெளிவாயிலிலும் இருக்க வேண்டும்.

இருக்காவிட்டால் பெரும்பாலும் தவறு தரையில்தான். ஃப்ளூயன்ட் மென்பொருள் கேட்பது மணற்கரடு உயரம் (தரையில் மணல் ஒட்டியிருப்பதாகக் கொண்டால் அந்த மணியின் அளவு). அதில் கரடு நீளத்தை அப்படியே போடுகிறவர்கள் ஏராளம். அதோடு கேட்கும் கரடு மாறிலி 0.5 என்றால் கரடு நீளத்தை ஏறக்குறைய 20-ஆல் பெருக்க வேண்டும்: 0.03 மீ., 0.59 மீ. ஆகும். முதல் செல்லின் மையம் அதற்கு மேலே இருக்க வேண்டும், ஆக முதல் செல்லே 1.2 மீ. உயரம். நடைபாதையில் 2 மீ. உயரக் காற்றைப் பார்க்க வந்தவருக்கு இது பெரிய சங்கடம், ஏனென்றால் அதற்குக் கீழே மூன்று செல்லாவது வேண்டும். கரடு நீளத்தையே நேராக ஏற்கும் தரைச் சார்பு ஓப்பன்ஃபோம் மென்பொருளில் உண்டு. அதற்கு மாறுவதுதான் நல்ல வழி.

அடுத்து மேல் எல்லை. அங்கே உராய்வே இல்லாத வழுக்குச் சுவர் வைத்தால் காற்றை இழுக்க எதுவும் இல்லை. தரையின் உராய்வு காற்றின் வேகத்தைத் தின்றுகொண்டே போகும். அடர்த்தியை உராய்வு வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அந்தச் சறுக்குத் தகைவை (பரப்பை ஒட்டிக் காற்றை இழுக்கும் விசையை) மேலே கொடுங்கள். எப்சிலானின் பிராண்டல் எண்ணும் (எப்சிலான் எவ்வளவு பரவும் என்பதை நிர்ணயிக்கும் மாடல் மாறிலி) கவனிக்க வேண்டியது. வழக்கமான 1.3, மடக்கை விதியில் வரும் கார்மன் மாறிலி 0.433-க்குத்தான் பொருந்தும். 0.4 வைத்திருந்தால் 1.11 போடுங்கள்.

எல்.இ.எஸ்.-க்கு (பெரிய சுழல்களை நேராகக் கணக்கிட்டு, சிறியவற்றுக்கு மட்டும் மாடல் வைக்கும் முறை) போனால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் தரையருகே சரிவு மிகையாகி, மெஷ்ஷோடு சேர்ந்து கீழே இறங்கும். சுவர் மாடலுக்கு வேகத்தை முதல் செல்லிலிருந்து எடுக்காமல் மூன்றாவது செல்லுக்கு அருகிலிருந்து எடுத்தால் இந்தப் பிழை கணிசமாகக் குறையும். அப்விண்ட் ஸ்கீமை (காற்று வரும் பக்கத்துச் செல்லையே சாரும் முறை) பயன்படுத்தாதீர்கள், சிறு சுழல்களை அது தின்றுவிடும். டென்மார்க்கில் 12 மீ. உயரமே உள்ள போலுண்ட் குன்றை வைத்து, அளவீட்டைக் காட்டாமல் ஐம்பதுக்கு மேற்பட்ட மாடல்களை ஒப்பிட்டபோது, சராசரியில் முன்னே நின்றவை எல்.இ.எஸ். அல்ல, கே-எப்சிலான் போன்ற இரண்டு சமன்பாட்டு மாடல்கள்தான்.

காலி டொமைனில் 2 மீ. உயர வேகம் 5 சதவீதத்துக்கு மேல் மாறினால், கட்டடத்தை இன்னும் உள்ளே வைக்காதீர்கள்.