1893 வெள்ளி டாலர்: துடைக்கும் முன் இதைப் படியுங்கள்

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரு பழம்பொருள் சந்தையில் 60 டாலர் கொடுத்து ஒரு வெள்ளி நாணயம் வாங்கினேன். ஒரு பக்கம் பெண் தலை, 1893 என்ற ஆண்டு. மறுபக்கம் கழுகு, அதன் கீழே சின்னதாக 'எஸ்' எழுத்து. நன்றாகக் கறுத்திருக்கிறது. விபூதி போட்டுத் தேய்க்கலாமா? இதற்கு மதிப்பு இருக்குமா?

பதில்: தயவுசெய்து தேய்க்காதீர்கள். வீட்டு வெள்ளிக் குத்துவிளக்குக்குச் செய்வதை இதற்குச் செய்யக் கூடாது. விபூதி, புளி, பற்பசை எதுவானாலும் மேற்பரப்பில் மயிரிழைக் கீறல்களை விட்டுவிடும். தேர்ந்த சேகரிப்பாளர் அதை விளக்கொளியில் ஒருமுறை சாய்த்துப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார், விலையும் அப்போதே இறங்கிவிடும். கறுப்பு அப்படியே இருக்கட்டும்.

உங்களிடம் இருப்பது மார்கன் டாலர். ஜார்ஜ் மார்கன் வடிவமைத்தது. 1878 முதல் 1904 வரையிலும், பிறகு 1921-இலும் அடித்தார்கள். அந்தப் பெண் தலைக்கு மாதிரியாக அமர்ந்தவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த அன்னா வில்லியம்ஸ் என்ற ஆசிரியை. விட்டம் 38.1 மில்லிமீட்டர், எடை 26.73 கிராம், 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு.

பழசு என்பதாலேயே விலை ஏறிவிடாது. விலையைத் தீர்மானிப்பது ஆண்டும், அக்கசாலைக் குறியும் (எந்த ஊர் நாணயச் சாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்து), நாணயத்தின் நிலையும் சேர்ந்துதான். குறியே இல்லையென்றால் பிலடெல்பியா. 'ஓ' நியூ ஆர்லியன்ஸ், 'சிசி' கார்சன் சிட்டி, 'எஸ்' சான் பிரான்சிஸ்கோ. 1921-இல் டென்வரின் 'டி'யும் (D) உண்டு. உங்கள் கேள்வியைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1893-இல் சான் பிரான்சிஸ்கோ அடித்தது வெறும் 1,00,000. புழக்கத்துக்கு வந்த மார்கன் டாலர்களிலேயே மிகக் குறைந்த எண்ணிக்கை இதுதான். தேய்ந்துபோன ஒன்றுகூட அசலாக இருந்தால் சில ஆயிரம் டாலர் போகும்.

அடித்தவை எல்லாம் இன்று மிஞ்சியும் இல்லை. 1918-இல் அமெரிக்காவில் வந்த பிட்மன் சட்டத்தின்படி 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். அந்த வெள்ளியில் பெரும்பகுதி பிரிட்டன் வழியாக இந்தியாவுக்கு, ரூபாய் நாணயத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் போனது. நம் பாட்டன் பூட்டன் கையில் புழங்கிய வெள்ளி ரூபாயில் மார்கன் டாலரும் கலந்திருக்கலாம் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும்.

இவ்வளவு விலை போவதால் போலிகளும் ஏராளம். சாதாரண 1893 பிலடெல்பியா டாலரில் ஓர் 'எஸ்'ஸை ஒட்டிவிடுவார்கள். அல்லது 1898 'எஸ்' டாலரின் கடைசி 8-ஐச் செதுக்கி 3 ஆக்கிவிடுவார்கள். இரண்டிலும் வெள்ளி அசல்தான். அதனால் எடை போட்டுப் பார்த்து இந்த மோசடியைப் பிடிக்க முடியாது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். புழக்கத்துக்கு வந்த 1893 'எஸ்' டாலர்கள் அனைத்துக்கும் முன்பக்க அச்சு ஒன்றே ஒன்று. ஆகவே அந்த அச்சின் தழும்புகள் அசல் ஒவ்வொன்றிலும் இருந்தாக வேண்டும். பெண்ணின் தலைப்பட்டையில் 'லிபர்ட்டி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அதில் 'டி' (T) எழுத்தின் மேல்பகுதியில் சாய்வாக ஒரு சிறு கோடு புடைத்துத் தெரிய வேண்டும். (மிகவும் தேய்ந்த நாணயத்தில் இது அழிந்திருக்கலாம்.) அடுத்து ஆண்டைப் பாருங்கள். விளிம்பை ஒட்டிப் பல்வரிசை போல ஓடுகிறதே, அதில் ஒரு பல்லுக்கு நேர் மேலே, நட்டநடுவில் 1 நிற்க வேண்டும். இரண்டு பற்களுக்கு இடையில் நின்றால் அது 1893 'எஸ்' அல்ல. 'எஸ்'ஸைச் சுற்றிப் பசைக்கோடு, நிறமாற்றம், கீறல் ஏதாவது தெரிகிறதா என்றும் பாருங்கள்.

வெள்ளியே இல்லாத வார்ப்புப் போலியா என்ற சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் முதலில் நாணயத்தை எடை போடுங்கள்; 26.73 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். பிறகு தண்ணீர் டம்ளரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். எடையும் சரியாக இருந்து, இப்போது 2.6 கிராமை ஒட்டிக் காட்டினால் வெள்ளி. 3-ஐத் தொட்டால் மலிவு உலோகம். பிறகு துணியால் ஒற்றி எடுங்கள்; துடைக்க வேண்டாம்.

இத்தனையும் தேறினால், நாணயங்களைச் சோதித்துத் தரம் சொல்லும் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி நிறுவனத்துக்கு அனுப்பிச் சான்று வாங்குங்கள். அதற்கு முன் யார் என்ன விலை கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். ஆண்டின் 1 இடம் மாறி நின்றால் அந்தச் செலவு வேண்டாம். அதுவரை பிவிசி கலக்காத உறையில், விளிம்பை மட்டும் பிடித்து வையுங்கள்.