கிரேக்கர்களின் பாம்புகள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: மருத்துவச் சின்னத்தில் கோலைச் சுற்றி சில இடங்களில் ஒரு பாம்பு, சில இடங்களில் இரண்டு. எது சரி?

பதில்: ஒற்றைப் பாம்புதான். அது வைத்தியக் கடவுள் அஸ்கிலேப்பியசின் கைத்தடி. உலக சுகாதார நிறுவனத்தின் கொடியிலும் அதுவே. இரண்டு பாம்பும் இறக்கையும் இருந்தால் அது ஹெர்மிசின் கோல். அவர் தேவர்களின் தூதர், வியாபாரிகளுக்கும் திருடர்களுக்கும் தெய்வம். 1902-இல் அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு அதை எடுத்துக்கொண்ட பிறகு குழப்பம் பெருகியது. சில ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்தால் ஹெர்மிசும் பொருத்தம்தான்.

கேள்வி: கடித்தால் சாகடிக்கும் பிராணிக்கும் வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: சட்டையை உரித்துப் புதிதாக வருகிறதே, அதனால் என்பார்கள். அது சரிதான், ஆனால் எனக்குப் பிடித்த பதில் கிரேக்க ஊரான எபிடாரசில், அஸ்கிலேப்பியசின் கோவிலில் இருக்கிறது. நோயாளிகள் அங்கே இரவு தங்கித் தூங்குவார்கள்; கனவில் கடவுள் வந்து குணமாக்குவார் என்று நம்பிக்கை. விஷமில்லாத பாம்புகள் கோவிலுக்குள் சுற்றித் திரிந்தன. கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில் ஒரு ஆள் வருகிறார். கால்விரலில் ஆறாத புண். பகலில் அவரை வெளியே ஆசனத்தில் உட்காரவைக்கிறார்கள், அப்படியே கண்ணயர்ந்துவிடுகிறார். உள்ளிருந்து ஒரு பாம்பு வந்து விரலை நாக்கால் நக்கிக் குணமாக்கிவிட்டுத் திரும்பிப் போகிறது. அவர் விழித்துச் சொன்னதோ வேறு: அழகான இளைஞன் ஒருவன் விரலில் மருந்து தடவினானாம்!

நஞ்சும் மருந்தும் கிரேக்கர்களுக்கு அவ்வளவு தூரம் இல்லை. ‘பார்மகோன்’ என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கும். பாம்புக்கூந்தல் அரக்கி மெதூசாவின் ரத்தத்தை அதீனா தேவி அஸ்கிலேப்பியசுக்குத் தந்தாளாம். இடப்பக்க நாளத்து ரத்தம் கொல்லும், வலப்பக்கத்தது பிழைக்கவைக்கும்.

கேள்வி: மெதூசா சாபத்தால்தான் பாம்புக்கூந்தல்காரி ஆனாளா?

பதில்: அது ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதை. அவருக்கு வெகுகாலம் முந்திய கிரேக்கக் கவிஞர் ஹெசியடிடம் அந்தச் சாபம் இல்லை. அவள் முகத்தைக் கிரேக்கர்கள் கேடயத்திலும் கட்டடங்களிலும் வைத்தார்கள், நம்மூர் திருஷ்டிப் பொம்மை மாதிரி.

கேள்வி: புற்றுக்குப் பால் வைப்பதுபோல அங்கேயும் ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. ஏதென்ஸ் நகரின் கோவில் குன்றான அக்ரோபோலிசைப் பெரிய பாம்பொன்று காவல் காப்பதாக நம்பி, மாதாமாதம் தேன் பலகாரம் வைத்தார்கள். எப்போதும் காலியாகிவிடும். கி.மு. 480-இல் பாரசீகப் படை நெருங்கியபோது மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. பூசாரிப் பெண் அதை அறிவித்ததும், தெய்வமே போய்விட்டது, இனி நமக்கென்ன என்று ஜனங்கள் அவசரமாக ஊரைக் காலிசெய்தார்கள். இது கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியது. ஆனால் அப்படிச் சொல்லவைத்ததே ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டக்ளிஸ்தான் என்கிறார் பிற்கால எழுத்தாளர் புளூட்டார்க். தளபதிக்கோ மக்களைக் கப்பலேற்றியாக வேண்டும். நான் புளூட்டார்க் கட்சி.

கேள்வி: அந்தக் காலத்துப் பாம்புச் சிலை எதையாவது இன்று பார்க்கமுடியுமா?

பதில்: இஸ்தான்புல் போங்கள். கி.மு. 479-இல் கிரேக்கர்கள் பிளாட்டியா போரில் பாரசீகர்களை வென்று, டெல்பி என்ற புனிதத் தலத்தில் அப்போலோ கடவுளுக்குக் காணிக்கையாக வெண்கலத் தூண் வைத்தார்கள்: ஒன்றோடொன்று முறுக்கிய மூன்று பாம்புகள். பைதான் என்ற பாம்பை அப்போலோ கொன்ற அதே டெல்பி. பிற்பாடு ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தூணைத் தன் தலைநகருக்கு, அதாவது இன்றைய இஸ்தான்புலுக்கு, கொண்டுபோனார். பழைய பந்தயத் திடலில் இன்றும் நிற்கிறது, தலைகள் மட்டும் இல்லை. ஒரு தலையின் மேல்தாடை அங்குள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.